யார் தொட்டது?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட்டால் அவர் வீட்டு மனிதர் யாராவது படித்துவிட்டு, "இதையெல்லாம் யார் சொன்னது?" என்றுதான் கேட்பார்கள். நடந்தது உண்டா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. ஆபீசில் நாங்கள் கூப்பிட்ட மாதிரி இங்கேயும் அவர் சார் என்றே இருக்கட்டும்.

தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே பிரிகிற தெரு ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், நோட்ஸ் புத்தகம் என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புவோம். நான் டைப்பிஸ்ட். புரூஃப் பார்ப்பது நூர்ஜஹான் அக்கா, ராயப்பேட்டையிலிருந்து வருவார். மிஷின்களைக் கவனித்துக்கொள்வது சார். நாற்பதைத் தாண்டிய மனிதர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர், மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு.

எந்த மிஷின் நின்றுபோனாலும் அவர் வந்து உட்கார மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரையைக்கூடப் பார்க்க மாட்டார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"யார் தொட்டா?"

அதற்குப் பதில் வரும்வரை ஒரு பித்தானை அமுக்க மாட்டார். பிரிண்டரில் மை தீர்ந்துபோனாலும் அதே கேள்விதான். ஒருமுறை தெரு முழுக்கக் கரண்ட் போனபோது, சுவிட்சுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். கரண்ட் ஆபீஸ்காரன் எங்கள் வரிசையில் நிற்கவில்லையே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கும்.

"மிஷின் தானா கெடாதும்மா. மனுஷாதான் கெடுப்பா" என்பார். ஆள் அகப்பட்ட பிறகு, அந்த ஆள் தலையைக் குனிந்த பிறகு, போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார். பெட்டியின் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கின்மேல் காதை வைத்துக் கேட்பார். இந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது, வேலை தெரிந்தவர். அடையாற்றில் ஒரு வயதான தம்பதிக்கு வெளிநாட்டுப் பிள்ளையிடமிருந்து வரும் மெயிலைப் பார்க்க முடியவில்லை என்று, கொட்டுகிற மழையில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்ச் சரி செய்துவிட்டு, ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர். காசு கொடுத்தால் கோபம் வரும். அந்தக் கிழவரையும் "யார் மாமா தொட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாராம். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

எங்கள் ஆபீசில் ஒரு மிஷின் மட்டும் தனி ரகம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதித் தரும் வேலையை முதலாளி எப்படியோ பிடித்துவிட்டார். அதற்கு லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். எங்கள் பக்க வேலைக்கு விண்டோஸ் வேண்டும். இன்னொரு மிஷின் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. சார்தான் வழி சொன்னார். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். இரண்டையும் கைப்பிடி வைத்த டிராயரில் போட்டு, மேஜை டிராயரை இழுக்கிற மாதிரி முன்பக்கமாக இழுத்து வெளியே எடுக்கலாம். சாயங்காலம் ஆனால் லினக்ஸ் டிஸ்க்கை உருவி முதலாளியின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வெளிநாட்டு வேலை, பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா.

"ரெண்டு குடித்தனம், ஒரே வாசல்" என்று எங்களுக்கு விளக்கினார். மிஷின் எழுந்தவுடன் முதல் இடத்தில் இருக்கிற டிஸ்க்கைத்தான் பார்க்கும். அந்த முதல் டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு சின்னப் புரோகிராம். அதுதான் வாசல். 'விண்டோஸா, லினக்ஸா' என்று கேட்டு, சொன்ன டிஸ்க்குக்கு வழிவிடும். இரண்டாவது டிஸ்க்குக்குத் தனியாக வாசல் கிடையாது. டிராயர்கள் இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் நிறம் என்பதால் 1, 2 என்று தன் கையால் எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தார்.

முதலாளியின் மச்சான் ஒருவன் ஆபீசுக்கு வருவான் போவான். அவனுக்கு இன்னதுதான் வேலை என்று கிடையாது. ஒருநாள் மிஷின் மெதுவாக ஓடுகிறது என்று விண்டோசைப் புதிதாகப் போட்டுவிட்டான். அது முதல் டிஸ்க்கின் தலைமாட்டில் இருந்த வாசலைத் துடைத்துவிட்டுத் தன் கதவை மாட்டிக்கொண்டது. லினக்ஸ் டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது, உள்ளே போகத்தான் வழி இல்லை. சார் வந்தார், கையைக் கட்டினார், கேட்டார். மூன்றாவது தடவை கேட்டதும் மச்சான் சிரித்தான்.

"நான்தான் சார். இப்ப இன்னா, போட்டுட்டா போச்சு."

சாரும் சிரித்தார். "கொழந்தையாட்டம் இருக்கேளே" என்றார். பிறகு ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு மிஷினை அதிலிருந்து எழுப்பி, லினக்சுக்குள் போய், வாசலைத் திரும்ப எழுதினார். பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் துரத்தவும் இல்லை, எதுவும் சொல்லித் தரவும் இல்லை. அதற்கு முதல் வாரம்தான், ஆபீசைக் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தால் ஒரு ஒயரைத் தள்ளிவிட்டதற்காக, அந்த அம்மாளை ஆபீஸ் அறைக்குள்ளேயே வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். எந்தக் குற்றவாளிக்கு எந்தத் தண்டனை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த லினக்ஸ் மிஷினில்தான் எனக்கு உயிர். அதில் வேலை பார்த்த பையன் அமெரிக்கா போகும்போது கட்டுக் கட்டாகப் பிரிண்ட் எடுத்த காகிதங்களை விட்டுவிட்டுப் போயிருந்தான். டைப் வேலை முடிந்த பிறகு முதலாளியின் அனுமதியோடு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். நான் கணக்கு படித்தவள். வேலை கிடைக்காமல்தான் கல்யாணப் பத்திரிகைக்கு 'நிகழும் மங்களகரமான' அடித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் ஒருநாள் அந்தப் பையன் பாதியில் விட்டுப்போன புரோகிராம் ஒன்றை ஓடவைத்துக் காட்டினேன். முதலாளிக்கு நம்ப முடியவில்லை.

"சரிம்மா, விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல நீ அந்த சீட்ல உக்காந்துடு. டைப்பிங்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "பொண்ணு புரோகிராமர்" என்று சொல்லிவிட்டார். ஒரு நாற்காலி இவ்வளவு பெரிய விஷயமா என்று இன்றைக்குக் கேட்கலாம். அன்றைக்கு அந்த நாற்காலிதான் எனக்கு எல்லாம். அதில் உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். உட்காரவில்லை என்றால் கடைசிவரை பத்திரிகைதான்.

அந்த நவராத்திரியில் சார் வீட்டுக் கொலுவுக்கு நூர்ஜஹான் அக்காவும் நானும் போயிருந்தோம். ஒன்பது படி. நடுவில் சின்னக் குளம், அதைச் சுற்றிச் சீரியல் விளக்கு. நாங்கள் உட்கார்ந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிட்டது. சார் உள்ளேயிருந்து வந்தார், நின்றார்.

"யார் தொட்டா?"

மாமி சமையலறையிலிருந்து தலையைக்கூட நீட்டவில்லை. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "நான்தான் தொட்டேன். சரி பண்ணுங்கோ."

நாங்கள் வந்ததிலிருந்து மாமி அந்த அறைப் பக்கமே வரவில்லை. சார் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் கீழே குனிந்து ஒயரைப் பார்க்க ஆரம்பித்தார். வெற்றிலைப் பாக்கு வாங்கிக்கொண்டு குளக்கரை வழியாகத் திரும்பி வரும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியா கண்ணு, அந்தம்மா கேஸே நடத்தல. முன்னாடியே ஒத்துக்கினாங்க."

நானும் சிரித்தேன். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருபது வருஷமாகக் குற்றத்தை ஒத்துக்கொண்டு சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜையன்று எல்லோரும் வர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஹாலில் சரஸ்வதி படம், முன்னால் கீபோர்டுகள், மவுஸ்கள், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல். மிஷினை அப்படியே தூக்கி வர முடியாது என்பதால் சார் அந்த இரண்டு டிஸ்க்கையும் டிராயரோடு உருவிக் கொண்டுவந்து படத்தின் காலடியில் வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. குளித்துவிட்டு மடியாக வந்திருப்பவர் தான் ஒருவர்தான் என்றார். தன் கையாலேயே இரண்டுக்கும் சந்தனத்தை அள்ளி அப்பிக் குங்குமம் வைத்தார்.

இதை நான் உள்ளே மிஷின் அறையிலிருந்து கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வீட்டுக்கு விலக்கு. பூஜைக்குப் பக்கத்தில் போக மனம் வரவில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை. தலைவலி என்று சொல்லி உள்ளே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் டிஸ்க் இல்லாத காலிப் பெட்டி. நூர்ஜஹான் அக்கா வந்து, "இன்னா, ஒதுங்கி உக்காந்துக்கினு கீற?" என்று கேட்டபோது அவரிடம் மட்டும் சொன்னேன். சாமான்களை அன்றைக்கு எடுக்கக் கூடாது, மறுநாள் காலையில் புனர்பூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விஜயதசமி. "இன்னும் மூணு நாள் முடியலையேம்மா" என்றேன் அம்மாவிடம். "மிஷின்தானடி, கோயிலா என்ன? போய் உக்காரு" என்று புதுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். என் அம்மாவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

நான் போனபோது சார் முன்னாலேயே வந்து, புனர்பூஜையை முடித்து, டிஸ்க்குகளைப் பெட்டியில் செருகிவிட்டிருந்தார். நூர்ஜஹான் அக்கா ஒரு புரூஃபை முடிக்க வேண்டும் என்று சீக்கிரமே வந்திருந்தார். முதலாளி, அவர் மனைவி, மச்சான், அச்சகத்துக்காரர் இரண்டு பேர் எல்லோரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்ல நேரம் இருக்கு, ஆரம்பிங்க" என்றார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். சார் பித்தானை அமுக்கினார்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று. அவ்வளவுதான், அதற்குமேல் நகரவில்லை.

அணைத்துப் போட்டார். அதே வரி. செட்டப்புக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு டிஸ்க்கும் இருப்பதாகக் காட்டியது. வெளியே வந்தார். அதே வரி. முதலாளி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். சார் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டினார்.

"யார் தொட்டா?"

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நேத்திக்குப் பூஜை நடக்கறச்சே எல்லாரும் ஹால்ல இருந்தோம். யார் இல்லை?"

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ இங்க மிஷின் பக்கத்துலன்னா தனியா உக்காந்துண்டிருந்தே? ஏம்மா, பூஜைக்கு ஏன் வரலை?"

"தலைவலி சார்."

"தலைவலின்னா ஆத்துல இருப்பா. மிஷின் ரூம்லயா வந்து உக்காருவா? என்ன பண்ணினே?"

உண்மையைச் சொல்லிவிடலாம். ஐந்து ஆண்களுக்கு நடுவில், அந்த முதலாளி அம்மாவுக்கு முன்னால், ஏன் ஒதுங்கி உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மிஷின் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது. நேற்றும் அப்படி, இன்றும் அப்படியே வந்து நிற்கிறாள் என்றால் அந்த அறையையே கழுவிவிட்டிருப்பார்கள். சொன்னாலும் நான்தான், சொல்லாவிட்டாலும் நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

நூர்ஜஹான் அக்காதான் பேசினார். "சார், அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? நேத்து பெட்டி காலியா இருந்துச்சு. டிஸ்க்கு ரெண்டும் சாமி முன்னால. காத்தால நீங்கதான எட்த்தாந்து சொருவினீங்க? நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"நான் சொருகினா அது சரியாத்தான் இருக்கும். பூஜை விஷயத்துல நீங்க பேச வேண்டாம் நூர்ஜஹான்."

அக்காவின் முகம் எப்படிப் போயிற்று என்று நான் எழுத மாட்டேன். முதலாளி தரையைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வரை பிழை திருத்திக் கொடுத்தவர் அக்கா.

எனக்கு அப்போது கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. ஆனால் அதற்கு நடுவிலேயும் அந்தக் கறுப்புத் திரையின் வரி மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றன, இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் வாசல் இல்லை என்கிறது. அப்படியென்றால் மிஷின் வாசல் இல்லாத டிஸ்க்கை முதலில் பார்க்கிறது. பெட்டியைப் பார்த்தேன். இரண்டு டிராயரின் முகத்திலும் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. 1, 2 சீட்டுகள் இரண்டுமே அதன் அடியில்.

"சார், ரெண்டும் இடம் மாறி இருக்குமோ? சந்தனத்துல நம்பர் தெரியல பாருங்க" என்றேன்.

சார் டிராயரைப் பார்த்தார். அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அதை நான் அவர் கண்ணில் பார்த்தேன். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"பாத்தேளா சார்? நான் இன்னும் பெட்டியைத் தொறக்கலை. இவளுக்கு எப்படித் தெரியும்?"

நான் சரியாகச் சொன்னதே நான்தான் செய்தேன் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. தப்பாக எதையாவது உளறியிருந்தால் அன்றைக்குப் பிழைத்திருப்பேன்.

"ஆசை இருக்க வேண்டியதுதாம்மா, அதுக்காக அவசரப்பட்டு எடுத்துப் பாக்கலாமா?" என்றார் முதலாளி. திட்டவில்லை. குழந்தையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. சார் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிராயர்களை உருவி, சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்து, இடம் மாற்றிச் செருகினார். மிஷின் எழுந்தது. 'விண்டோஸா, லினக்ஸா' என்று கேட்டது.

முதலாளி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "நல்ல நேரம் முடியப்போகுது. யாராவது உக்காருங்கப்பா!"

மச்சான் பக்கத்தில் நின்றான், உட்கார்ந்தான். ஏதோ ஒரு எழுத்தைத் தட்டினான். ஒருவர் தேங்காய் உடைத்தார். நான் என் சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியம் முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் மனம் கெட்டவர் இல்லை. ஆனால், "விஜயதசமில உக்காந்தவனை எழுப்பக் கூடாதும்மா, அது நல்லதில்லை. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

சாயங்காலம் மாடிப்படியில் சார் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் பொரி கடலைப் பொட்டலம்.

"நீ தொடலைன்னு நேக்குத் தெரியும்மா" என்றார்.

நான் மாடிப் பக்கம் கையைக் காட்டினேன். "அப்ப முதலாளிகிட்ட வந்து சொல்லுங்க சார். இப்பவே சொல்லுங்க. அவர் மேலதான் இருக்காரு."

"என்னன்னு சொல்றது? நான்தான் மாத்திச் சொருகினேன்னா? அப்புறம் நாளைக்கு ஒரு மிஷின் நின்னா என் பேச்சை யார் கேப்பா?" குரல் தணிந்தது. "நீ சின்னப் பொண்ணு. நாளைக்குக் கல்யாணம் ஆச்சுன்னா போயிடுவே. நேக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"யாராவது ஒருத்தர் தொட்டிருக்கணுமேம்மா" என்றார். பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் அதைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ கம்ப்யூட்டர் டேப்பை அழித்துவிட்டு இவர் தலையில் கட்டினார்களாம், அதில்தான் நல்ல வேலை போயிற்றாம் என்று பிறகு ஒருநாள் அச்சகத்துக்காரர் சொன்னார். பாவம் என்று நான் நினைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு ஒரு துளிகூட வரவில்லை. அந்த வலி எப்படி இருக்கும் என்று தெரிந்த மனிதர் அல்லவா அவர்! தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம்.

அதற்குப் பிறகும் அந்த ஆபீசில் இரண்டு வருஷம் இருந்தேன். வேறு வேலை கிடைக்கவில்லை, வீட்டில் என் சம்பளம் வேண்டும். மச்சான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு விளையாடினான். லினக்ஸ் மிஷின் வாரம் ஒருமுறை எங்கேயாவது நின்றுவிடும். எழுந்திருக்கும்போதே இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு அப்படியே உறைந்துவிடும். சாருக்கு டிஸ்க்கும் ஒயரும் தெரியும். உள்ளே லினக்சுக்குள் ஆழமாக என்ன நடக்கிறது என்று அந்தக் காகிதக் கட்டை முழுக்கப் படித்தவளுக்குத்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும்.

முதல் தடவை வந்தபோது அவர் என் மேஜைக்கு முன்னால் புரூஃபைத் தேடுகிறவர் மாதிரிக் குனிந்தார். "எல், ஐ... அதோட நின்னுடறதும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். நூர்ஜஹான் அக்கா எதிரிலிருந்து கண்ணாலேயே சொன்னார், சொல்லாதே என்று. ஆனால் எல், ஐ என்று கேட்டவுடனேயே மனசு போய்விட்டது. அது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது, எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. டைப் அடிக்கிற கையை நிறுத்தாமல் சொன்னேன். அவர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து குரல் கேட்டது. "யார் தொட்டா?"

பிறகு மிஷின் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு வருஷமும் இப்படியேதான். அவர் வந்து குனிவார், நான் சொல்வேன், அவர் உள்ளே போவார். சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று அக்கா இன்றைக்கும் போனில் திட்டுகிறார். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மிஷினோடு எனக்கு இருந்த அந்தக் கொஞ்ச சம்பந்தமும் போயிருக்கும் என்று அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?

கல்யாணம் நிச்சயமாகி நான் வேலையை விட்டபோது ஆபீசில் டீயும் சமோசாவும் வாங்கினார்கள். முதலாளி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு சாரைப் பேசச் சொன்னார். அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. இப்போதாவது, நான் போகப்போகிற இந்த நேரத்திலாவது சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

"இவளோட டைப்பிங் இருக்கே, ரொம்ப சுத்தம். ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நூர்ஜஹான் அக்கா மட்டும் தட்டவில்லை. நான் எழுந்து, "தேங்க்ஸ் சார்" என்றேன். அவர் செய்ததையெல்லாம்கூட அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அந்த ஒரு தேங்க்சை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.